முதலையின் வயிற்றுத் திருகு

ரோஸ்விதா குன்ஸ்லே தன் அறுபத்தொன்றாம் வயதில்தான் முதன்முதலாக ஒரு பொம்மை ரயில் எஞ்சினைக் கையால் தொட்டாள். அதுவும் எங்கள் ஊரில், நாற்பத்திரண்டு எஞ்சின் இருக்கிற வீட்டில், முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணிய பிறகு. நம்ப மாட்டீர்கள். நான் அவர்களுக்கு நேர் கீழ்வீட்டுக்காரி. என் தலைக்கு மேல்தான் அந்த ரயில்கள் அத்தனை வருஷமும் ஓடின. நான் பார்த்தது பாதி, படிக்கட்டில் நின்று அவளே என்னிடம் சொன்னது மீதி.

அவள் கைக்கு வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். காது கேட்காதவர்களுக்குக் கருவி செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் சால்டரிங் பெஞ்சில் உட்கார்ந்தவள். பருப்பளவுப் பலகையில் மயிரிழைக் கம்பியைப் பற்றவைப்பாள். ஈயம் ஒரு பொட்டுக்கு மேல் நிற்காது. அவள் புருஷன் எக்பெர்ட் பற்றவைத்தால் மூக்குச்சளி மாதிரி தொங்கும். ஆனாலும் ரயில் அறையின் வாசற்படியை அவள் தாண்டக் கூடாது.

"பொம்பளை கை வேர்க்கும்டீ. வேர்வை பட்டா தண்டவாளம் துருப்பிடிக்கும். அங்கேயே நின்னு பாரு, போதும்" என்பான்.

எக்பெர்ட் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தவன். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று அவனுக்குத் தெரியும், அதைத் தெருவில் சொல்லிச் சிரிக்கவும் தெரியும். வேலை முடிந்து வந்தால் ரயில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். காப்பி வேண்டுமென்றால் வாயைத் திறக்க மாட்டான். அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஓட்டை போட்டுத் தண்டவாளத்தைச் சமையலறை மேசை வரைக்கும் இழுத்து வைத்திருந்தான். ஒரு தட்டை வண்டி ஆடி ஆடி வந்து மேசையில் நிற்கும். அதில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "காப்பி." அவ்வளவுதான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதாவது முணுமுணுத்துப் பாடினால் வேறு சீட்டு வரும். "சத்தம்." முப்பத்து நாலு வருஷம், பெண்டாட்டியிடம் சீட்டில் பேசின மகாராஜன்!

அந்த அறை ரயிலுக்கென்று கட்டின அறை இல்லை. குழந்தைக்கென்று மஞ்சள் வண்ணம் அடித்துத் தொட்டில் போட்டு வைத்த அறை. அறுபத்தெட்டாம் வருஷம் நவம்பரில் ரோஸ்விதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இரண்டு மாதம் முன்னாலேயே. பிழைக்குமா என்று மருத்துவர்களே உதட்டைப் பிதுக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார்கள். எக்பெர்ட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஆஸ்பத்திரிக்கு இல்லை, ஸ்டுட்கார்ட்டுக்கு. அங்கே பழைய ரயில் வாங்கி விற்கிற சந்தை. 'முதலை' ஒன்று வருகிறது என்று அவனுக்குத் தகவல் வந்திருந்தது. மூன்று துண்டாக மடங்கும், முன்னும் பின்னும் நீள மூக்கு வைத்த பச்சை எஞ்சின் அது. சேகரிக்கிறவர்கள் அதற்காகத் தாயையும் விற்பார்கள்.

"பிள்ளை எங்கயும் ஓடிப்போயிடாது. முதலை கைவிட்டுப் போயிடும்" என்று அன்று மாடிப்படியில் என் அம்மாவிடம் அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

பிள்ளைதான் போயிற்று. இரண்டு நாள் இருந்தது. ஒரு நர்ஸ் அவசரத்துக்குத் தலையில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்துக் கோர்டுலா என்று பேர் வைத்தாள். மூன்றாம் நாள் அவன் அட்டைப்பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கெடச்சிடுச்சு" என்றான். அடுத்த வாரம் தொட்டில் பரணுக்குப் போனது, அறைக்குள் ரயில் மேசை வந்தது.

முதலைக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து சுவரில் மாட்டினான். அதை ஓட்டியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் சங்கத்து ஆட்கள் வந்து பெட்டிக்கு முன்னால் தேவாலயத்தில் நிற்பதுபோல் நிற்பார்கள். ஒரு முறைகூட அவன் அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. இந்தச் சேகரிப்புக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: எஞ்சினைக் கையில் வாங்கினால் முதலில் கவிழ்த்து வயிற்றுத் திருகைப் பார்ப்பார்கள். திருகின் தலைப்பள்ளம் கூராக இருந்தால் யாரும் திறக்காத எஞ்சின், மதிப்பு அதிகம். பள்ளம் சிதைந்திருந்தால் எவனோ வயிற்றைக் கிழித்திருக்கிறான் என்று அர்த்தம். "என் முதலையை ஒருத்தனும் திறந்ததில்ல, திறக்கவும் விடமாட்டேன்" என்பதுதான் எக்பெர்ட்டின் வேதம். அந்த ஒரு பெருமையில்தான் அவன் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தான்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு எக்பெர்ட்டுக்குப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. வாழ்நாள் முழுக்க "கூடாது, முடியாது, தொடாதே" என்றே பேசின மனுஷனுக்குக் கடவுள் எந்தச் சொல்லை மிச்சம் வைத்தார் தெரியுமா? "ஆமா."

வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா, வலித்தாலும் ஆமா. தலையாட்டலும் அப்படியே குழம்பிப் போயிருந்தது. "உள்ளே நினைக்கிறது ஒண்ணு, வெளியே வர்றது ஒண்ணும்மா. அவர் சொல்றதை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். ரோஸ்விதா அதைக் கேட்டுக்கொண்டாள். அவனைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்து சமையலறை மேசையோரம் நிறுத்தினாள், தண்டவாளம் வந்து முடிகிற இடத்தில்.

நலம் விசாரிக்க ஃபோல்கர் ரைப்லே வந்தான். சங்கத்தில் டிஜிட்டல் வேலைக்கு அவன்தான் ஆள், ஐம்பது வயது, வாயாடி. நோயாளியை ஒரு நிமிஷம் பார்த்தான், முதலையைக் கால் மணி நேரம் பார்த்தான்.

"இந்த மத்த எஞ்சினையெல்லாம் என்ன பண்ணப் போறீங்கம்மா? எல்லாம் பழைய முறை. இப்ப எவனும் இப்படி ஓட்றதில்ல. உள்ள ஒரு சில்லு வெச்சு மாத்திட்டா சொன்ன பேச்சைக் கேக்கும்."

"எப்படிக் கேக்கும்?"

"பழசுல தண்டவாளத்துல போற கரண்ட்டைக் கூட்டணும், குறைக்கணும். மெதுவா விட்டா முக்கிட்டு நின்னுடும், கொஞ்சம் கூட்டினா துள்ளிக் கிளம்பும். சில்லு வெச்சிட்டீங்கன்னா ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு நம்பர். நம்பரைத் தட்டி என்ன சொல்றீங்களோ அதை மட்டும் செய்யும். எறும்பு ஊர்ற மாதிரி ஊரும்."

ரோஸ்விதா துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "ரொம்ப மெதுவா ஓட்டலாமா தம்பி?"

"எவ்வளவு மெதுவா?"

"பாக்கறவனுக்கு அழுகை வர்ற அளவுக்கு."

ஃபோல்கர் சிரித்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான், மடையன்.

அவன் இரண்டு மாலை வந்து சொல்லிக் கொடுத்தான். மூன்றாம் மாலை வாயை மூடிக்கொண்டு அவள் கையையே பார்த்தான். முதல் எஞ்சின் ஒரு கறுப்புச் சரக்கு எஞ்சின். எக்பெர்ட்டின் கண்முன்னால், சமையலறை மேசையில், அவள் அதைக் கவிழ்த்தாள்.

"பிரிக்கட்டுமா எக்பெர்ட்?"

"ஆமா! ஆமா! ஆமா!" அவன் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது.

"பாத்தீங்களா தம்பி, அவரே சொல்லிட்டார்."

திருகைக் கழற்றினாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவு செய்கிற பழைய திசைமாற்றியை வெட்டி எடுத்தாள். மோட்டாரின் பழைய சுருளை உருவிவிட்டு அந்த இடத்தில் காந்தம் வைத்தாள். நகக்கண் அளவுச் சில்லை வயிற்றுக்குள் ஒட்டி, சிவப்புக் கம்பியும் பழுப்புக் கம்பியும் பற்றவைத்தாள். எடுத்த திசைமாற்றியை ஒரு ஜாம் ஜாடியில் போட்டு எக்பெர்ட்டின் முன்னால் வைத்தாள்.

"இனிமே நீ எந்தப் பக்கம் போகணும்னு நான் முடிவு பண்ணுவேன்" என்றாள், எஞ்சினைப் பார்த்து. அவனைப் பார்த்துத்தான் சொன்னாள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது ஃபோல்கர், எக்பெர்ட்டின் காதிலும் விழும்படி, ரயில் மேசைக்குக் கீழே இருந்த பழைய நீல டிரான்ஸ்பார்மரைக் காட்டினான். "இதை இன்னைக்கே குப்பையில போடுங்க. பழைய எஞ்சினைத் திருப்பறதுக்குக் குமிழை இடது பக்கம் தள்ளுவாங்களே, அப்ப இது பளிச்சுனு கரண்ட்டை ஒரு தள்ளு தள்ளும். பழைய எஞ்சின் தாங்கும். சில்லு தாங்காது, கருகிடும். எங்க ஆளுங்க எத்தனை பேர் பழக்கதோஷத்துல தட்டி அழுதிருக்காங்க தெரியுமா?"

"நல்லா ஓடற சாமானை எவளாவது குப்பையில போடுவாளா?" என்று அவள் கம்பிகளை மட்டும் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். சிக்கனத்துக்குப் பேர்போன ஷ்வாபிய நாட்டுப் பெண். பழைய கயிற்றுத் துண்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டோம் நாங்கள். அந்தப் புத்திதான் வினையாய் முடிந்தது.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. தினமும் நாலு மணிக்கு அவள் ரயில் அறையில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு உட்காருவாள். கதவு திறந்திருக்கும்; சமையலறையில் இருக்கிற அவன் தெரிவான். தட்டை வண்டியில் காப்பி புறப்படும். மேசைமேல் அது ஊரும், அப்படி ஊரும், காப்பியின் மேல் ஒரு சுருக்கம்கூட விழாது. அவன் நல்ல கையை நீட்டுவான். கைக்கு ஒரு விரல் தூரத்தில் வண்டி நிற்கும். நாற்காலியின் பிரேக்கை அவள் முன்பே போட்டிருப்பாள்.

"எட்டிப் பிடி எக்பெர்ட். இன்னும் கொஞ்சம்தான்."

அவன் எட்டுவான், மூச்சிரைப்பான், கண்ணில் நீர் வரும். காப்பி ஆறும் வரை வண்டி அங்கேயே நிற்கும். பிறகு ஒரு விரல் தூரம் நகரும். அவன் குரலெடுத்து அழுத நாட்களில் வண்டியில் ஒரு சீட்டு வந்தது. "சத்தம்." அது அவன் கையெழுத்துச் சீட்டேதான். முப்பத்து நாலு வருஷச் சீட்டையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள் அவள்.

அவளை நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. "போதும்டி, பாவம்" என்று ஒரு தடவை சொன்னேன். "எது பாவம்?" என்று கேட்டாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் அக்டோபருக்குள் பதினொரு எஞ்சின் மாறின, ஜாடி பாதி நிறைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவனைக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் அவன் ஆமா என்று கத்தினான். முதலையை மட்டும் அவள் தொடவில்லை. கருணை ஒன்றும் இல்லை, கடைசிக்கென்று வைத்திருந்தாள். "அதை மட்டும் திறந்துடாதீங்கம்மா, மகாபாவம்" என்று ஃபோல்கர் கையெடுத்துக் கும்பிடாத குறை. எக்பெர்ட்டும் விழித்திருக்கும் நேரமெல்லாம் கதவு வழியாக அந்தக் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். உயிர் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது, அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் படிக்கட்டு பெருக்குகிற முறை அவளுடையது. மூன்று மாடியும் பெருக்கி, துடைத்து, வாசல் நடைபாதையில் விழுந்த இலையை அள்ளிப் போட ஒரு மணி நேரம் ஆகும். அன்று அவசரத்தில் நாற்காலியின் பிரேக்கைப் போட மறந்திருக்கிறாள். துடைப்பத்தோடு மேலே ஏறினவளுக்கு இரண்டாம் மாடியிலேயே கருகல் நாற்றம் அடித்தது. என் வீட்டிலும் அடித்தது. நானும் பின்னாலேயே ஓடினேன்.

எக்பெர்ட் ரயில் அறைக்குள் இருந்தான். நாற்காலியை ஒற்றைக் காலால் உந்தி உந்திப் போயிருக்கிறான். அந்த நீல டிரான்ஸ்பார்மரை ஒற்றைக் கையால் மடியில் தூக்கி வைத்து, கம்பி முனையைப் பல்லால் கடித்து இழுத்து, ஐம்பது வருஷப் பழக்கத்தில் சரியான துளையில் சொருகி, குமிழை இடது பக்கம் தள்ளியிருக்கிறான். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. தண்டவாளத்தில் நின்ற நாலு எஞ்சின்களின் வயிற்றிலிருந்தும் புகை. அவன் ஒரு பக்க வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆமா" என்றான் அவளைப் பார்த்து. அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பளிச்சென்று இருந்தது.

அவள் திட்டவில்லை. என்னைப் பார்த்து, "நீ கீழ போ" என்றாள். நான் போனேன். மற்றதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். எக்பெர்ட்டின் சிரிப்பு நின்றது. முதலையைத் தூக்கிக்கொண்டு, அவனையும் தள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவன் அவளுடைய ஏப்ரனைப் பிடித்துக்கொண்டான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இதையும் பிரிக்கட்டுமா?"

"ஆமா. ஆமா. ஆமா. ஆமா." அழுதுகொண்டே சொன்னான். அவன் அப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததே இல்லை.

"சரி. உன் வார்த்தைக்கு மறு வார்த்தை உண்டா?"

கவிழ்த்தாள். திருகுத் தலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள். பிடிக்கவில்லை, வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. விளக்கைப் பக்கத்தில் இழுத்து, தொழிற்சாலையில் வாங்கின பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திப் பார்த்தாள். தலைப்பள்ளத்தில் கறுப்புப் பெயின்ட் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். அடியில் பள்ளம் என்று ஒன்றே இல்லை. யாரோ முரட்டுத்தனமாகத் திருகித் திருகித் தேய்த்திருந்தார்கள்.

திறக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. உள்ளே ஏதோ ஒரு மலிவு எஞ்சினின் மோட்டார், அதுவும் சுருள் கருகினது, பசை வைத்து ஒட்டியிருந்தது. மேலோடுதான் முதலை, உள்ளே குப்பை. ஸ்டுட்கார்ட் சந்தையில் எவனோ அவன் தலையில் மிளகாய் அரைத்து அனுப்பியிருக்கிறான்.

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அவனுடைய சின்னப் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து மூடியில் காய்ந்திருந்த கறுப்பையும் திருகிலிருந்த கறுப்பையும் விளக்கில் வைத்துப் பார்த்தாள். ஒரே கறுப்பு.

ஆக, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வாங்கி வந்த கொஞ்ச நாளிலேயே திறந்து பார்த்திருக்கிறான். பார்த்து, மூடி, காயத்துக்குப் பெயின்ட் அடித்து, கண்ணாடிக்குள் பூட்டி, முப்பத்தைந்து வருஷம் அதற்குக் காவல் இருந்திருக்கிறான். பெருமைக்குக் காவல் என்றல்லவா ஊரே நினைத்தது! செத்த மோட்டாருக்காகப் பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் விட்டோம் என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததா, இல்லை, ஏமாந்தது வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கம் மட்டும்தானா? ரோஸ்விதா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

முப்பத்தைந்து வருஷமாக அவள் தொண்டையில் நின்ற கேள்வி ஒன்றுதான். அதை அவள் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்டால் சீட்டு வரும், "சத்தம்" என்று.

நாற்காலிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். "எக்பெர்ட், இங்க பாரு. கோர்டுலாவை ஒரு தடவையாவது பாக்கணும்னு உனக்குத் தோணிச்சா?"

அவன் அவளையே பார்த்தான். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ஆமா" என்றான்.

அவள் ஒரு நிமிஷம் அதை நம்பினாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன ஜாடி கண்ணில் பட்டது. பதினொரு தடவை அவன் ஆமா என்றபோது அது இல்லை என்று தெரிந்தே பிரித்தவள் அவள். தனக்கு வேண்டியபோதெல்லாம் அவன் ஆமாவை ஆமாவாக எடுத்துக்கொண்டவள்.

"இல்ல, தோணவே இல்லையா?"

"ஆமா." அதே குரல், அதே முகம்.

"தோணிச்சுன்னா கையைத் தூக்கு. சும்மா அழாதே, கையைத் தூக்கு!"

நல்ல கை எழும்பி நீண்டது. மேசையில் அந்தப் பக்கம் வயிறு கிழிந்த முதலை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் முந்தின நாள் ஆறிப்போன காப்பியோடு தட்டை வண்டி நின்றது. நடுவில் அவள் முகம் இருந்தது. எதற்காக நீட்டினான் என்று அவளால் சொல்ல முடியவில்லை. இன்றுவரைக்கும் முடியவில்லை.

மீதி எஞ்சின்களை அவள் தொடவில்லை. நாலு மணிக் காப்பியைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள், ஊதி ஆற்றி. எக்பெர்ட் இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தான். தினமும் காப்பி குடித்து முடித்ததும் அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். கீழ்வீட்டில் எனக்கு வார்த்தை விளங்காது, குரல் மட்டும் கேட்கும். அவன் ஒரு நாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.